எவ்வளவு கொடுப்பது?

1942 ஆகஸ்ட் 27, காலை பத்து மணி. அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில், யேல் பல்கலைக்கழக மருத்துவமனையில், 48 வயது மனிதர் ஒருவருக்கு நரம்பில் ஊசி போட்டார்கள். போலந்திலிருந்து குடிவந்து பால்பேரிங் தொழிற்சாலையில் வேலைபார்த்தவர் அவர். கேஸ் ஷீட்டில் மருந்தின் பெயர் இல்லை. ‘எக்ஸ்’ என்று மட்டும் குறித்து, உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் என்று அளவை எழுதியிருந்தார்கள். நோயாளிக்கும் பெயர் இல்லை. மருத்துவ வரலாற்றில் அவர் வெறும் ஜே.டி. நிணநீர்ச் சுரப்பிப் புற்று கழுத்தையும் தாடையையும் அடைத்துக்கொண்டிருந்தது. விழுங்க முடியாது, தலையைத் திருப்ப முடியாது. படுத்தால் மூச்சு முட்டும் என்று உட்கார்ந்தபடியே தூங்கினார். கதிர்வீச்சு கொடுத்தாயிற்று. அது முதலில் கேட்டது, பிறகு கேட்கவில்லை.

‘எக்ஸ்’ என்பது நைட்ரஜன் மஸ்டர்ட். முதல் உலகப் போரில் சிப்பாய்களின் தோலையும் நுரையீரலையும் கொப்பளிக்க வைத்த கடுகு வாயுவின் பங்காளி. யுத்த காலம் என்பதால் அது ராணுவ ரகசியம், பெயரை எழுதக் கூடாது. அதை மருந்தாக்கலாம் என்று யோசித்தவர்கள் லூயி குட்மேன், ஆல்ஃபிரட் கில்மேன் என்ற இரண்டு மருந்தியலாளர்கள். டாக்டருக்குப் படித்த எவருக்கும் இந்தப் பெயர்கள் பழக்கமானவை. 1941-இல் இவர்கள் எழுதிய தலையணைப் புத்தகம் இன்றும் ‘குட்மேன் கில்மேன்’ என்றுதான் வழங்குகிறது. கடுகு வாயு பட்டவர்களின் ரத்தத்தில் வெள்ளணுக்கள் சரிந்துபோவதை, க்ரம்பார் என்ற டாக்டர் தம்பதி 1919-லேயே எழுதிவைத்திருந்தார்கள். நல்ல வெள்ளணுவை அழிக்கும் பொருள், கெட்டுப்போய்ப் பெருகும் வெள்ளணுவையும் அழிக்காதா? முயலுக்குப் போட்டுப் பார்த்தார்கள். தாமஸ் டோகர்டி என்ற சக விஞ்ஞானி, கட்டி வந்த எலிக்குப் போட்டுப் பார்த்தார். கட்டி கரைந்தது. அடுத்து ஜே.டி.

தினம் ஒன்றாகப் பத்து ஊசி. சில நாட்களிலேயே அவரால் விழுங்க முடிந்தது, படுக்கையில் படுத்துத் தூங்க முடிந்தது. பத்தும் முடிந்தபோது கட்டிகள் கைக்குத் தட்டுப்படவில்லை. ஆனால் கட்டியோடு சேர்ந்து எலும்பு மஜ்ஜையும் அடிபட்டிருந்தது. வெள்ளணுக்கள் அதலபாதாளத்துக்குப் போயின. அவை மெல்லத் தேறி வரும்போதே கட்டியும் தேறி வந்தது. இரண்டாம் சுற்று கொடுத்தார்கள், மூன்றாம் சுற்று கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் பலன் குறைந்துகொண்டே போயிற்று. டிசம்பர் 1 அன்று அவர் இறந்தார். முதல் ஊசியிலிருந்து 96-ஆம் நாள்.

கீமோதெரபியின் கதையை, 1943-இல் இத்தாலியின் பாரி துறைமுகத்தில் கடுகு வாயுக் குண்டுகளோடு வெடித்த கப்பலிலிருந்து தொடங்குவது வழக்கம். நாடகத்தனமான தொடக்கம்தான். ஆனால் பாரியில் குண்டு விழுந்தது 1943 டிசம்பர் 2, ஜே.டி. இறந்து ஒரு வருடமும் ஒரு நாளும் ஆகியிருந்தது. யேல் குழுவின் கட்டுரை ராணுவத் தடை நீங்கி 1946-இல்தான் அச்சேறியது. ஜே.டி.யின் கேஸ் ஷீட்டை அதே மருத்துவமனையின் அறுவை மருத்துவர்கள் இருவர் தேடி எடுத்தது 2010-இல். அதற்குள் பாரி கதை வேரூன்றிவிட்டது.

அந்தக் கேஸ் ஷீட்டில் கவனிக்க வேண்டியது ஒரு சின்னக் கணக்கு. பின்னாளில் நைட்ரஜன் மஸ்டர்டுக்கு நிலைத்த அளவு, ஒரு சுற்றுக்கு மொத்தமாக, கிலோவுக்கு 0.4 மில்லிகிராம். ஜே.டி. முதல் சுற்றிலேயே வாங்கிக்கொண்டது 1 மில்லிகிராம். இரண்டரை மடங்கு. யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அதற்கு முன்னால் அந்த மருந்தை வாங்கிக்கொண்ட மனித உடம்பு ஒன்று இருந்தால்தானே ஒப்பிட்டுப் பார்க்க முடியும்?

புற்றுநோய் மருந்துகளின் முதல் கட்ட ஆய்வு என்று இன்று சொல்லப்படும் தொழில் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. வெளியே இருப்பவர்கள் அதைப் பற்றி நினைப்பது ஒன்று, அது செய்வது வேறொன்று. ‘புது மருந்து வந்திருக்கிறதாம், கேட்குமா பார்க்கலாம்’ என்று நோயாளியின் வீட்டார் நினைக்கிறார்கள். ஆய்வு கேட்கும் முதல் கேள்வி அதுவல்ல. எவ்வளவு கொடுத்தால் உடம்பு தாங்கும் என்பதுதான் கேள்வி. தூக்க மாத்திரையையோ ரத்த அழுத்த மாத்திரையையோ முதலில் ஆரோக்கியமான ஆட்களிடம் கொடுத்துப் பார்க்கலாம். செல்லைக் கொல்லும் விஷத்தை அப்படிக் கொடுக்க முடியாது. எல்லா சிகிச்சையும் பார்த்து ஓய்ந்த, நோய் முற்றிய மனிதர்களிடம்தான் அந்தக் கேள்வியைக் கேட்டாக வேண்டியிருந்தது. எண்பது வருட வரலாறு முழுக்க இந்த இரண்டு கேள்விகளும் ஒரே கட்டிலின் இரண்டு பக்கத்தில் நின்று ஒன்றையொன்று தவறாகப் புரிந்துகொண்டு வந்திருக்கின்றன.

இரண்டாவது பெரிய முயற்சிக்கு நம் பக்கத்துத் தொடர்பு உண்டு. 1920-களின் கடைசியில் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர், பம்பாயில் கர்ப்பிணிகளை வாட்டிய ஒருவகை ரத்தசோகையை ஆராய வந்தார். 1929-இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் அந்த வேலையைத் தொடர்ந்தார். ரொட்டியில் தடவித் தின்னும் மலிவான ஈஸ்ட் சாறான மார்மைட் அந்த ரத்தசோகையைத் தீர்ப்பதைக் கண்டுபிடித்தார். அதிலிருந்த பொருள்தான் பிற்பாடு ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்றது. நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்தோடு சேர்த்துத் தரும் அதே மாத்திரை.

அந்த அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்த, அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகக் குழுவின் தலைவர் எல்லாப்ரகட சுப்பாராவ். பீமாவரத்தில் பிறந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்தவர். அறுவை சிகிச்சைக்குக் கதர் அங்கி போட்டுக்கொண்டு வந்ததில் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியேறியவர். சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் கொஞ்ச காலம் உடற்கூறு பாடம் நடத்திவிட்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்.

போஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்றொரு நோயியல் மருத்துவர் இருந்தார். இறந்த பிள்ளைகளின் திசுக்களை நுண்ணோக்கியில் பார்ப்பதே அவர் வேலை. ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தை அப்போது பிழைத்ததாகச் சரித்திரமே கிடையாது. ரத்தம் ஊற ஃபோலிக் அமிலம் வேண்டும் என்றால், கெட்ட ரத்தத்தைச் சரிசெய்யவும் அது உதவும் என்று ஃபார்பர் நினைத்தார். ஃபோலிக் அமிலச் சேர்மங்களைக் கொடுத்தபோது சில குழந்தைகளுக்கு நோய் இன்னும் வேகமாக முற்றியது. வேறொருவர் அத்தோடு நிறுத்தியிருப்பார். ஃபார்பர் அதைத் தலைகீழாகப் படித்தார்: அமிலம் நோய்க்குத் தீனி போடுகிறது என்றால், அமிலம் போலவே தோற்றமளித்து அதன் இடத்தை அடைத்துக்கொள்ளும் போலிப் பொருள் நோயைப் பட்டினி போடும். சுப்பாராவ் குழு அப்படிப்பட்ட போலிகளை வரிசையாகத் தயாரித்து அனுப்பியது. 1947-இன் கடைசியில் வந்தது அமினோப்டெரின்.

நாளுக்கு அரை மில்லிகிராம், ஒரு மில்லிகிராம். கடுகளவுகூட இல்லை. அதையும் எப்போது நிறுத்துவது என்று சொல்ல ஃபார்பரிடம் இருந்த அளவுகோல் குழந்தையின் வாய்தான். உதட்டின் உட்புறமும் நாக்கும் புண்ணானால் மருந்து மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். நிறுத்த வேண்டும், ஆறினால் மீண்டும் தொடங்க வேண்டும். 1948 ஜூன் 3-ஆம் தேதி வெளியான அவருடைய கட்டுரையில் 16 குழந்தைகளில் 10 பேருக்கு முன்னேற்றம் என்று எழுதினார். கட்டுரையின் தலைப்பிலேயே ‘தற்காலிகம்’ என்று நேர்மையாகப் போட்டிருந்தார். வீங்கிய மண்ணீரல் சுருங்கியது, பிள்ளைகள் எழுந்து விளையாடினார்கள், சில மாதங்களில் நோய் திரும்பிவந்தது. சாகப்போகிற குழந்தையை நிம்மதியாகச் சாகவிடாமல் இது என்ன வேலை என்று சக டாக்டர்களே முணுமுணுத்தார்கள். சுப்பாராவ் அதே ஆண்டு ஆகஸ்டில் காலமானார். அமினோப்டெரினுக்குத் தம்பியாக அவர் குழு செய்த மெதோட்ரெக்சேட் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. புற்றுநோய்க்கு மட்டுமல்லாமல் முடக்குவாதத்துக்கும் டாக்டர்கள் அதை எழுதித் தருகிறார்கள்.

அதே மெதோட்ரெக்சேட்டை வைத்து அடுத்த பாடம் கற்றவர் மின் சியூ லீ என்ற சீன டாக்டர். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் அவரும் ராய் ஹெர்ட்சும், கருப்பையின் நச்சுக்கொடித் திசுவில் வரும் புற்றுக்கு 1956-இல் அதைக் கொடுத்தார்கள். எக்ஸ்ரேயில் நுரையீரல் கட்டிகள் மறைந்தன. ஆனால் சிறுநீரில் அந்தப் புற்று சுரக்கும் ஹார்மோன் துளியூண்டு மிச்சம் இருந்தது. லீ அது பூஜ்யமாகும்வரை மருந்தை நிறுத்த மறுத்தார். கட்டி இல்லாத பெண்களுக்கு விஷம் கொடுக்கிறார் என்று மேலிடம் பார்த்தது. 1957-இல் அவர் வெளியேற வேண்டியதாயிற்று. கட்டி கரைந்ததும் மருந்தை நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்பியது. லீ விடாமல் கொடுத்தவர்கள் குணமானார்கள். கீமோவால் முற்றிய கட்டி முழுதாகக் குணமானது அதுவே முதல் தடவை. 1972-இல் லாஸ்கர் விருது கொடுத்துக் கணக்கைச் சரிசெய்தார்கள்.

இப்படி ஆளுக்கொரு கைப்பக்குவமாக இருந்த வேலை 1955-க்குப் பிறகு அரசாங்க வேலையாயிற்று. அமெரிக்க அரசு ஒரு தேசியக் கீமோதெரபி மையம் அமைத்தது. ஆயிரக்கணக்கான பொருட்களை எலியின் ரத்தப் புற்றுநோயில் போட்டுப் பார்த்து, தேறியவற்றை மனிதர்களுக்கு அனுப்பும் ஏற்பாடு. அப்போதுதான் கட்டங்கள் பிறந்தன. முதல் கட்டம் அளவைப் பார்க்கும். இரண்டாம் கட்டம் எந்தப் புற்றில் வேலைசெய்கிறது என்று பார்க்கும். மூன்றாம் கட்டம் பழைய சிகிச்சையோடு மோதவிடும். எட்மண்ட் கீஹன் என்ற புள்ளியியலாளர் 1961-இல் இரண்டாம் கட்டத்துக்கு ஒரு கணக்குச் சொன்னார்: வரிசையாக 14 பேரில் ஒருவருக்குக்கூடக் கட்டி சுருங்கவில்லை என்றால், அந்த மருந்து ஐந்தில் ஒருவருக்காவது பலன் தரும் மருந்தாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு, கைவிடலாம். பதினாலு என்ற எண் பல வருடங்கள் மருந்துகளின் தலையெழுத்தை எழுதியது.

முதல் கட்டத்துக்கு ஏணி தேவைப்பட்டது. எங்கே முதல் காலை வைப்பது? எலிக்கும் மனிதனுக்கும் எடையை ஒப்பிட்டால் கணக்கு பிழைக்கிறது. தோலின் மொத்தப் பரப்பை ஒப்பிட்டால் ஓரளவு ஒத்துவருகிறது என்று எமில் ஃப்ரைரைக்கும் சகாக்களும் 1966-இல் காட்டினார்கள். இன்றும் கீமோவுக்கு முன்னால் உயரத்தையும் எடையையும் அளந்து, சதுர மீட்டரில் ஓர் எண்ணைக் கேஸ் ஷீட்டில் எழுதுவது இதனால்தான். நூறு எலிகளில் பத்து எலிகளைக் கொல்லும் அளவில் பத்தில் ஒரு பங்கு, மனிதருக்கு முதல் படி. அங்கிருந்து ஏறுவதற்கு ஃபிபோனாச்சி தொடரைக் கொஞ்சம் மாற்றிப் பயன்படுத்தினார்கள். முதலில் இரட்டிப்பு, அடுத்து 67 சதவீதம், பிறகு 50, 40, 33 என்று தாவல் சிறுத்துக்கொண்டே போகும். (இத்தாலியர் பெயரில் ஓடும் இந்தத் தொடரை, குறில் நெடில்களை எத்தனை விதமாக அடுக்கலாம் என்று எண்ணிய விரகாங்கரும் ஹேமச்சந்திரரும் அவருக்கு முன்பே எழுதிவிட்டார்கள். செய்யுள் கணக்கு விஷக் கணக்குக்குப் போய் உதவியிருக்கிறது.)

ஒவ்வொரு படியிலும் மூன்று பேர். மூவருக்கும் பெரிய கெடுதல் இல்லையென்றால் அடுத்த மூவர் ஒரு படி மேலே. ஒருவருக்குக் கெடுதல் வந்தால் அதே படியில் இன்னும் மூவர். இரண்டு பேருக்கு வந்துவிட்டால் ஏறுவதை நிறுத்தி ஒரு படி இறங்கு. ‘மூன்றும் மூன்றும்’ என்று பெயர். கேட்பதற்குச் சிறுபிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். இதைவிடச் சிறந்த கணித முறைகள் 1990-லேயே வந்துவிட்டன. ஆனால் கால்குலேட்டர் இல்லாமல் வார்டிலேயே முடிவெடுக்கலாம் என்பதால் டாக்டர்கள் பழையதை விடவில்லை. இதில் ஒரு கசப்பான உண்மை அடங்கியிருக்கிறது. கீழ்ப் படியில் சேருகிறவர் பாதுகாப்பாக இருப்பார், ஆனால் மருந்து வேலைசெய்ய அந்த அளவு போதாது. மேல் படியில் சேருகிறவருக்கு மருந்து கொஞ்சம் வேலைசெய்யலாம், ஆனால் விஷம் ஏறும் படியும் அதுதான். யார் எந்தப் படி என்பதை அவர் சேர்ந்த மாதம்தான் தீர்மானிக்கிறது.

மருந்துகள் வந்த வழியைச் சொல்லும்போது நித்தியகல்யாணிச் செடியையும் சொல்லாமல் விட முடியாது. சர்க்கரை வியாதிக்கு ஜமைக்காவில் அதன் இலையைக் காய்ச்சிக் குடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கனடாவின் ராபர்ட் நோபிள் அதன் சாற்றை எலிகளுக்கு ஏற்றினார். சர்க்கரை குறையவில்லை, வெள்ளணுக்கள் குறைந்து, தொற்று வந்து எலிகள் செத்தன. அந்தத் தோல்வியிலிருந்து வின்பிளாஸ்டின் என்ற புற்று மருந்தும், பிறகு எலை லில்லி கம்பெனியில் வின்கிரிஸ்டினும் வந்தன. ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கத்து மானாவாரி நிலங்களில் ஆடுமாடு வாய்வைக்காத அந்தச் செடியைப் பயிரிட்டு, இலையையும் வேரையும் மூட்டை கட்டி ஏற்றுமதிக்கு அனுப்பியவர்களில் எத்தனை பேருக்கு அது எங்கே போகிறது என்று தெரிந்திருக்குமோ.

அளவைக் கேட்டவர்கள் அனுமதியைக் கேட்டார்களா? நீண்ட காலம் கேட்கவில்லை, அல்லது கேட்டது மாதிரி கேட்டார்கள். 1963-இல் நியூயார்க்கின் ப்ரூக்ளினில் நாள்பட்ட நோயாளிகளுக்கான மருத்துவமனை ஒன்றில், செஸ்டர் சௌதம் என்ற புற்றுநோய் ஆராய்ச்சியாளரின் திட்டத்தில் 22 நோயாளிகளுக்கு உயிருள்ள புற்று செல்களைத் தோலுக்கடியில் செலுத்தினார்கள். அது மருந்தே அல்ல, உடம்பின் எதிர்ப்புச் சக்தியைப் பார்க்கும் சோதனை. புற்று என்ற சொல்லைச் சொன்னால் பயப்படுவார்கள் என்று சொல்லாமல் விட்டார்கள். அந்த மருத்துவமனையின் மூன்று இளம் டாக்டர்கள் இதில் சேர மறுத்து வேலையை விட்டதால் விஷயம் வெளியே வந்தது. சௌதமுக்கு ஒரு வருட நன்னடத்தைத் தண்டனை. 1968-இல் அமெரிக்கப் புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகத்துக்கு அவரையே தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். தொழில் அப்போது எப்படி இருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. 1974-இல் அமெரிக்கச் சட்டம் வந்த பிறகுதான் நெறிமுறைக் குழுவும் ஒப்புதல் படிவமும் கட்டாயமாயின.

முதல் கட்ட ஏணியில் ஏறி, கடைசிப் படியில் விழவிருந்து தப்பியது சிஸ்பிளாட்டின். பார்னெட் ரோசன்பெர்க் என்ற விஞ்ஞானி 1965-இல் பாக்டீரியாக்களுக்கு மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தபோது அவை பிளவுபடாமல் நூல்நூலாக நீண்டன. காரணம் மின்சாரமில்லை, மின்முனையிலிருந்து கரைந்த பிளாட்டினம். 1970-களின் தொடக்கத்தில் அது நோயாளிகளுக்குப் போயிற்று. கட்டி சுருங்கியது, சிறுநீரகமும் சேர்ந்து பழுதானது, வாந்தி சொல்லி மாளாது. மருந்தைக் குப்பையில் போட்டுவிடலாம் என்ற நிலை. அளவைக் குறைப்பதற்குப் பதிலாக, மருந்துக்கு முன்னும் பின்னும் நரம்பு வழியாக லிட்டர் கணக்கில் உப்புநீரும் மானிட்டாலும் ஏற்றினால் சிறுநீரகம் தப்பிக்கிறது என்று நியூயார்க்கில் கண்டார்கள். இண்டியானாவில் லாரன்ஸ் ஐன்ஹார்ன் 1974-இல் அதை வேறு இரண்டு மருந்துகளோடு சேர்த்து, விதைப்பைப் புற்று முற்றிய இளைஞர்களுக்குக் கொடுத்தார். முதல் 47 பேரில் 33 பேருக்கு நோய் முழுதாக மறைந்தது. இன்று சென்னையிலோ மதுரையிலோ வேலூரிலோ கீமோ வார்டில் சிஸ்பிளாட்டின் நாளன்று முதலில் தொங்குவது சலைன் பாட்டில்தான். சிறுநீர் எவ்வளவு போனது என்று நர்ஸ் அளவுக் குவளையைப் பார்த்துக் குறித்துக்கொள்கிறார். அந்த வழக்கம் அங்கிருந்து வந்தது.

எல்லா மருந்தும் சிஸ்பிளாட்டின் ஆவதில்லை. அமெரிக்க அரசு நிறுவனத்தின் ஆதரவில் 1991 முதல் 2002 வரை நடந்த 460 முதல் கட்ட ஆய்வுகளை 2005-இல் ஒரு குழு எண்ணிப் பார்த்தது. ஏறத்தாழ 12,000 நோயாளிகள். கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியது 10.6 சதவீதத்தினருக்கு. தெரிந்த மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்த ஆய்வுகளை விலக்கிவிட்டு, தனியாக ஒரு புது மருந்தை முதல்முறை கொடுத்த பழைய பாணி ஆய்வுகளை மட்டும் பார்த்தால் 4.4 சதவீதம். மருந்தாலேயே இறந்தவர்கள் 0.49 சதவீதம். 2013 முதலான ஆண்டுகளில் பலன் 18 சதவீதத்தை எட்டியதாக 2022-இல் வந்த இன்னொரு கணக்கு சொல்கிறது. ஏறியிருக்கிறது. ஆனாலும் ஐந்தில் நான்கு பேர் கையெழுத்துப் போடுவது தங்களுக்காக அல்ல, பின்னால் வரப்போகிற யாருக்காகவோ. அது அவர்களுக்குத் தெரிந்தே நடக்கிறதா என்பதுதான் சங்கடம். சோதனையைச் சிகிச்சை என்று நோயாளி எடுத்துக்கொள்ளும் இந்த மயக்கத்தை 1982-லிருந்து ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள், இன்னும் தெளிந்தபாடில்லை.

கேரளத்தில் இந்தச் சங்கடம் வேறு விதமாக வெடித்தது. 1999 நவம்பரிலிருந்து 2000 ஏப்ரல் வரை திருவனந்தபுரம் வட்டாரப் புற்றுநோய் மையத்தில், வாய்ப்புற்று நோயாளிகள் 26 பேருக்கு எம்4என், ஜி4என் என்ற இரண்டு பொருட்களைக் கட்டிக்குள்ளேயே ஊசியில் செலுத்தினார்கள். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக உயிரியல் பேராசிரியை ஒருவரின் ஆராய்ச்சி அது. மையத்தின் டாக்டர் ஒருவரே கேள்வி எழுப்ப, 2001-இல் பத்திரிகைகளில் பெரும் புயல். அந்தப் பல்கலைக்கழகம் விசாரித்து, மனிதர்மேல் சோதிக்கத் தன்னுடைய நெறிமுறைக் குழுவின் அனுமதி பெறப்படவில்லை, விலங்குகளில் போதிய முன்சோதனையும் நடக்கவில்லை என்று அறிவித்தது. இனி மனிதர்களை வைத்து ஆய்வு நடத்தக் கூடாது என்று பேராசிரியைக்குத் தடை போட்டது. நெடுந்தொலைவில் இருக்கும் ஆய்வுக்கூடம் எலிக்கும் மனிதருக்கும் நடுவே தாண்டக் கூடாத படிகளைத் தாண்டியது என்பதே குற்றச்சாட்டின் சாரம். 2007-இல் இந்தியாவில் மருந்து ஆய்வுகளுக்கான பொதுப் பதிவேடு தொடங்கியது. 2009-இல் பதிவு கட்டாயமானது. 2013-இல் உச்ச நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பிறகு, ஒப்புதல் வாங்குவதை வீடியோவில் பதிவுசெய்யும் விதியும் வந்தது.

இதற்கிடையில் ஏணியின் அடிப்படையையே ஒரு மாத்திரை ஆட்டியது. 1998 ஜூனில் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் பிரையன் ட்ரக்கர், நாள்பட்ட மயலாய்டு ரத்தப் புற்று வந்தவர்களுக்கு இமாட்டினிப் கொடுக்கத் தொடங்கினார். அந்த நோய்க்குக் காரணமான ஒரே ஒரு புரதத்தைக் குறிபார்த்துச் செய்த மருந்து. 25 மில்லிகிராமில் தொடங்கி 1,000 மில்லிகிராம்வரை 83 பேரிடம் ஏறிப் பார்த்தார்கள். நாளுக்கு 300 மில்லிகிராமும் அதற்கு மேலும் வாங்கிய 54 பேரில் 53 பேருக்கு ரத்த அணுக்களின் எண்ணிக்கை சீரானது. உடம்பு தாங்கும் உச்ச அளவு என்று ஒன்று கடைசிவரை தட்டுப்படவே இல்லை. அதுவரை முதல் கட்டத்தின் வேலையே அந்த உச்சத்தைத் தேடுவதுதான். இந்த மருந்துக்கு 400 மில்லிகிராமே போதும் என்று நிறுத்திக்கொண்டார்கள். 2001 மே மாதம் அனுமதி. மாதம் ஏறத்தாழ 1,20,000 ரூபாய்க்கு நோவார்ட்டிஸ் விற்ற இந்த மாத்திரையின் காப்புரிமை வழக்கு சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் தொடங்கி, சென்னை உயர் நீதிமன்றப் படியேறி, 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றத்தில் கம்பெனிக்கு எதிராக முடிந்தது. உள்ளூர்க் கம்பெனிகள் அதே மாத்திரையைப் பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த விலையில் தொடர்ந்து விற்க அது வழிவிட்டது.

இமாட்டினிப் சொன்ன பாடம் உடனே உறைக்கவில்லை. அடுத்து வந்த குறிபார்க்கும் மருந்துகளுக்கும் நோயெதிர்ப்பு மருந்துகளுக்கும் பழைய பழக்கத்திலேயே தாங்கும் உச்சம்வரை ஏறி, அந்த உச்சத்தையோ அதற்கு அடுத்த கீழ்ப் படியையோ விற்பனை அளவாக வைத்தார்கள். வயிற்றுப்போக்கிலும் தோல் வெடிப்பிலும் நோயாளிகள் அவதிப்பட்டு, டாக்டர்கள் தாங்களாகவே மாத்திரையைக் குறைத்துக் கொடுப்பது வழக்கமாயிற்று. 2021-இல்தான் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ‘ஆப்டிமஸ்’ என்ற திட்டத்தைத் தொடங்கி, தாங்கும் உச்சத்தைச் சொன்னால் போதாது, குறைந்த அளவோடு ஒப்பிட்டுக் காட்டு என்று கம்பெனிகளைக் கேட்க ஆரம்பித்தது.

அந்தக் கேள்வியை மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையில் வேறொரு காரணத்துக்காகக் கேட்டார்கள்: பணம். நிவோலுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தின் வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு 240 மில்லிகிராம். நம் நாட்டு வாய்ப்புற்று, தொண்டைப்புற்று நோயாளிகளில் மிகப் பெரும்பாலோருக்கு அது எட்டாக்கனி. அதன் முதல் கட்ட ஆய்வின் அறிக்கையோ 2010-இலிருந்தே எல்லோர் கண்முன்னும் கிடந்தது. 39 நோயாளிகளுக்குக் கிலோவுக்கு 0.3 முதல் 10 மில்லிகிராம்வரை கொடுத்திருந்தார்கள். ரத்த செல்களில் மருந்து போய் ஒட்டும் விகிதம் எல்லாப் படியிலும் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டு மாதம் கழித்தும் 70 சதவீதத்துக்கு மேல் ஒட்டியே இருந்தது. கீழ்ப் படியிலேயே, மருந்து உட்காரும் நாற்காலிகள் நிரம்பிவிட்டிருந்தன.

விஜய் பாட்டீல், குமார் பிரபாஷ் ஆகியோரின் குழு 151 பேரை இரண்டாகப் பிரித்தது. எல்லோருக்கும் மலிவான வாய்வழி மாத்திரைகள்: மெதோட்ரெக்சேட், செலிகாக்சிப், எர்லோட்டினிப். பாதிப் பேருக்கு அதோடு மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் நிவோலுமாப், அதாவது அதே மூன்று வாரக் கணக்கில், வழக்கமான அளவில் ஏறத்தாழ பதினெட்டில் ஒரு பங்கு. மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் ஒரு வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 16.3 சதவீதம், ஊசியும் சேர்ந்தவர்களில் 43.4 சதவீதம். முழு அளவோடு இந்தச் சிற்றளவை அந்த ஆய்வு நேருக்கு நேர் நிறுத்தவில்லை, அதனால் இரண்டும் சமம் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. அந்த மாதிரியான ஒப்பீட்டை நுரையீரல் புற்றில் வேறொரு நோயெதிர்ப்பு மருந்தை வைத்து நெதர்லாந்தில் தொடங்கியிருக்கிறார்கள். நிவோலுமாபின் சிறிய குப்பியில் இருப்பது 40 மில்லிகிராம். மும்பைக் கணக்கில் அது இரண்டு பேருக்கான மருந்து.